மூச்சுக்கு வழி

நடைபாதையில் ஒருவர் மயங்கி விழுந்து மல்லாந்து கிடக்கிறார். அவரிடமிருந்து குறட்டை ஒலி கேட்கிறது. சூழ்ந்து நிற்பவர்களுக்குச் சற்று நிம்மதி. "மூச்சு நல்லாத்தான் வருது, கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும்," என்கிறார் ஒருவர். இன்னொருவர் தம் துணிப்பையை மடித்துத் தலைக்கு அணையாக வைக்கிறார். மூன்றாமவர் புட்டியைத் திறந்து அவர் வாயில் தண்ணீர் ஊற்ற முனைகிறார். மூவருக்கும் நல்ல மனம்தான். ஆனால், மூவர் செய்வதும் விழுந்து கிடப்பவரின் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடியவை. ஏன் என்பதை அறிய, காற்று நம் உடலுக்குள் செல்லும் பாதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் இழுக்கும் காற்று மூக்கு அல்லது வாய் வழியாக நுழைந்து, தொண்டையைக் கடந்து, குரல்வளைக்குள் புகுந்து, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலை அடைகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. இவ்வளவும் சென்று வரும் மூச்சுக்குழாய் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலமே கொண்டது. பச்சிளங்குழந்தைக்கோ அது சில மில்லிமீட்டர்தான். தொண்டையில் காற்றின் வழியும் உணவின் வழியும் ஒன்றாகவே இருந்து, அதன்பின் பிரிகின்றன. உணவை விழுங்கும்போது குரல்வளை மூடி என்னும் சிறு மடல் காற்றின் வழியை மூடிவிடுகிறது. தவறிப்போய் ஒரு பருக்கை உள்ளே சென்றாலும் இருமல் அதை வெளியே தள்ளிவிடும். நாம் விழித்திருக்கும்போது இந்தக் காவல் ஓயாமல் நடக்கிறது.

நினைவு தப்பினால் இந்தக் காவலும் தளர்ந்துவிடுகிறது. நாக்கு ஒரு தசை. அது கீழ்த்தாடையோடு இணைந்திருக்கிறது. நினைவிழந்தவர் மல்லாந்து கிடக்கும்போது தாடை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதியும் அதைச் சுற்றியுள்ள மென்தசைகளும் பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. "நாக்கை விழுங்கிவிட்டார்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் யாராலும் தம் நாக்கை விழுங்க முடியாது. ஆகவே வலிப்பு வந்தவரின் வாயில் கரண்டியைத் திணிக்க வேண்டியதும் இல்லை. திணித்தால் பல் உடைந்து தொண்டைக்குள் போகும்.

இப்போது அந்த மூவரையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். குறட்டை என்பது பாதி அடைபட்ட வழியில் காற்று இடித்துக்கொண்டு போகும் ஒலி. தலைக்கு அணை வைத்தால் முகவாய் மார்பை நோக்கி மடிந்து, பாதி அடைப்பு முழு அடைப்பாகலாம். விழுங்கவும் இருமவும் முடியாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குச் செல்லலாம். மயங்கியவருக்குத் தண்ணீரோ சோடாவோ காப்பியோ புகட்டுவது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய பழக்கம். பாசத்தால் செய்யப்படும் இந்தப் பழக்கத்தை விடச் செய்வது, முதலுதவி கற்பிப்பவர்களுக்கு எளிய வேலையன்று.

உடலில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் சேமிப்பு உண்டு. உயிர்வளிக்கு அப்படிப்பட்ட சேமிப்பு மிகக் குறைவு. மூளைக்கு உயிர்வளி செல்வது நின்றால் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை உயிரணுக்கள் சேதமடையத் தொடங்கும். இந்தக் கணக்கை ஜோர்ஜ்டவுன் நகரத்து வீதிகளில் வைத்துப் பார்க்கலாம். பினாங்குப் பொது மருத்துவமனை நகரத்துக்கு உள்ளேயே, ஜாலான் ரெசிடென்சியில்தான் இருக்கிறது. ஆயினும் மாலை நேர நெரிசலில், லெபோ சூலியாவின் குறுகிய சாலையிலோ குட்டி இந்தியாவின் கடைவரிசைக்கு இடையிலோ ஓர் ஆம்புலன்ஸ் நுழைந்து வெளியேற எவ்வளவு நேரமாகும்? பத்து பிரிங்கிக்குச் செல்லும் கடலோரச் சாலை வளைந்து வளைந்து போவது. பெருநிலத்திலோ தீவிலோ, நகரிலோ தோட்டப்புறத்திலோ, முதல் சில நிமிடங்கள் அருகில் இருப்பவர் கையில்தான் உள்ளன. அவர் செய்ய வேண்டிய முதல் வேலை 999 என்ற எண்ணை அழைப்பது, அல்லது மற்றொருவரை அழைக்கச் சொல்வது. கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கிக் கீழே வைத்துவிட்டால், மறுமுனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இரு கைகளாலும் உதவலாம்.

விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழைத்துப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் மூச்சைக் கவனிக்க வேண்டும். மார்பு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்து, மூக்கருகே காதை வைத்துக் கேட்டு, வெளிவரும் காற்றைக் கன்னத்தில் உணர்ந்து, இவ்வளவையும் 10 விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும். இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. இதயம் நின்றுபோனவர்களில் சிலர், கரையில் போட்ட மீனைப் போல எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து காற்றை இழுப்பார்கள். அது மூச்சு அல்ல. மூளையின் அடித்தண்டிலிருந்து எழும் கடைசித் துடிப்பு அது. அதைக் கண்டு "மூச்சு இருக்கிறது" என்று காத்திருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். உணர்வற்றுக் கிடந்து, இயல்பாக மூச்சு விடாதவருக்கு உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

மூச்சு முற்றாக நிற்காமல், போதாமல் இருப்பதும் உண்டு. நிமிடத்திற்கு 10 முறைக்கும் குறைவான மூச்சு, 30 முறைக்கும் மேற்பட்ட மூச்சு, மார்பை அசைக்காத மேலோட்டமான மூச்சு, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகத் திணறும் பேச்சு ஆகிய அனைத்தும் எச்சரிக்கைகளே. உதடு நீலமாகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். மாநிறத்தவரிடமும் கறுத்த நிறத்தவரிடமும் அந்நீலம் வெளியே எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, நகத்தின் அடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒலியும் பல செய்திகளைச் சொல்லும். குறட்டை என்றால் நாக்கு. கொப்பளிப்பது போன்ற களகள ஒலி என்றால் தொண்டையில் எச்சிலோ வாந்தியோ இரத்தமோ இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டால் குரல்வளை அருகே வழி சுருங்கியிருக்கிறது. வெளியே விடும்போது விசில் போன்ற இழுப்பு கேட்டால், ஆஸ்துமாவில் போல, நுரையீரலின் உட்கிளைகள் இறுகியிருக்கின்றன. திணறிக்கொண்டிருந்தவரிடமிருந்து ஒலியே இல்லாமல் போனால், குணமாகிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

நாக்கு அடைத்த வழியைத் திறக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையை மெல்லப் பின்னோக்கிச் சாய்த்து, மறு கையின் இரு விரல்களால் முகவாயின் எலும்பை மேலே தூக்கினால் போதும். தாடை முன்னே வரும்போது அதோடு இணைந்த நாக்கும் முன்னே வருகிறது. குறட்டை நின்று மூச்சு சீராவதைப் பல வேளைகளில் அப்போதே கேட்கலாம். குழந்தைக்குத் தலையை அதிகம் சாய்க்கக் கூடாது. ஓராண்டு நிரம்பாத குழந்தையின் முகம் நேராக மேலே பார்த்தபடி இருந்தாலே போதும்.

இவ்வளவு எளிய செயல் காலங்காலமாகத் தெரிந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. 1950களின் நடுப்பகுதி வரை முதலுதவி வகுப்புகளில் கற்பிக்கப்பட்ட முறைகள் வேறு. மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்துவார்கள், முழங்கையைத் தூக்குவார்கள், அல்லது மல்லாக்கப் படுக்கவைத்துக் கைகளை மேலும் கீழும் ஆட்டுவார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் எலம் என்னும் மருத்துவர், நாம் வெளிவிடும் காற்றே இன்னொருவர் உயிரைக் காக்கப் போதும் என்று காட்டினார். நாம் இழுக்கும் காற்றில் 21 விழுக்காடு உயிர்வளி உள்ளது. வெளிவிடும் காற்றில் இன்னும் 16 விழுக்காடு மீதமிருக்கிறது. அவரைத் தொடர்ந்து பீட்டர் சாபர் என்னும் மருத்துவர் பால்டிமோர் நகரில், தாமாக முன்வந்தவர்களை மருந்தால் அசைவற்றவர்களாக்கி, பழைய முறைகளையும் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கைகளை ஆட்டும் முறையில் பலருக்குக் காற்று உள்ளே போகவே இல்லை. வழி அடைபட்டிருந்ததே காரணம். தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி ஊதியபோது காற்று தடையின்றிப் போனது. தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியளிக்கப்பட்ட ஒரு முறை, பூட்டிய கதவின் முன் நின்று விசிறுவதற்கு ஒப்பாக இருந்திருக்கிறது.

மூச்சு சீராக இருந்து நினைவு மட்டும் தப்பியிருந்தால், அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மேலிருக்கும் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, மேல்காலை மடக்கிவிட்டால் உடல் உருளாது. அப்போது நாக்கு பின்னே சரியாது. வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். சாலை விபத்தில் அடிபட்டவரிடம் மட்டும் இன்னும் கவனம் தேவை. நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அவர்களுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்க வாய்ப்புண்டு. பயிற்சி பெற்றவர்கள் அத்தகையவரின் தலையைச் சாய்க்காமல், தலைமாட்டில் மண்டியிட்டுத் தாடையின் இரு கோணங்களையும் விரல்களால் முன்னோக்கித் தள்ளுவார்கள். தாடை முன்வரும், கழுத்து அசையாது. அவ்வாறு செய்தும் வழி திறக்கவில்லை என்றால், தலையைச் சாய்த்தே ஆக வேண்டும். கழுத்தைக் காப்பாற்ற எண்ணி மூச்சை இழக்க முடியாது. மூச்சு இருக்கும்வரை தலைக்கவசத்தைக் கழற்றாமல் விடுவது நல்லது. மூச்சு நின்றுவிட்டால், ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க மற்றொருவர் மெல்லக் கழற்ற வேண்டும்.

நாக்கு அல்லாமல் உணவும் வழியை அடைக்கும். சாப்பாட்டுக்குப் பெயர்போன பினாங்கில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குவேய் தியாவ் சூப்பில் மிதக்கும் மீன் உருண்டை, வழுக்கும் லொங்கான் பழத்தின் விதை, ரம்புத்தான் சதையோடு ஒட்டிய கொட்டை, முழுத் திராட்சை ஆகிய யாவும் சிறுவர் தொண்டைக்கு ஏற்ற அளவில் உருண்டையாக இருப்பவை. அடைபட்டவர் உரக்க இருமினால் அவரை இருமவிட வேண்டும். இருமலைவிட வலிமையான கருவி நம்மிடம் இல்லை. குரல் எழும்பாமல், இருமவும் முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் தாமதிக்கக் கூடாது. அவரை முன்னே குனியச் செய்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். பலனில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய முறை இது. நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்று, புட்டியின் தக்கையைத் தள்ளுவதுபோல அடைப்பைத் தள்ளிவிடும். அடைப்பு விலகும்வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. கல்லீரல் கிழியக்கூடும். தலை தாழ்ந்திருக்குமாறு கையில் கிடத்தி முதுகில் 5 தட்டுகளும், திருப்பிப் போட்டு மார்பில் 5 அழுத்தங்களும் தர வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கும் வயிற்றை விட்டு மார்பைத்தான் அழுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாயில் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்கும். அடைபட்டவர் நினைவிழந்து சரிந்தால், படுக்கவைத்து மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

அந்த அழுத்தத்தின் கணக்கு பள்ளி முதலுதவிப் பயிற்சிகளில் கற்பிக்கப்படுவதுதான். மார்பின் நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்திற்கு 2 முறை ஊதவும் செய்வார். பெரியவர் ஒருவர் திடீரென்று இதயம் நின்று விழுந்தால், அவர் இரத்தத்தில் இன்னும் சிறிது உயிர்வளி இருக்கும். எனவே முதல் சில நிமிடங்களுக்கு அழுத்தம் மட்டுமே கூடப் பயன் தரும். விமான நிலையத்திலும் பேரங்காடிகளிலும் சுவரில் தொங்கும் ஏ.இ.டி. கருவியை அதற்குள் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கடலில் மூழ்கியவரின் நிலை வேறு. மூச்சுத் திணறித் திணறி உயிர்வளி முழுவதும் தீர்ந்த பிறகுதான் அவர் இதயம் நிற்கிறது. ஆகையால் அவருக்கு ஊதிக் கொடுக்கும் மூச்சு மிக இன்றியமையாதது. தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வது நேரத்தை வீணாக்குவதோடு, இரைப்பையில் இருப்பதையும் தொண்டைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஊதுவதற்கு வாய்க்குப் பதில் ஒரு பையைப் பயன்படுத்தலாம் என்பதை உலகம் கற்றுக்கொண்ட கதை, டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் நடந்தது. 1952ஆம் ஆண்டு அங்கே இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாள்தோறும் வந்தார்கள். உடலை உள்ளே வைத்து மூச்சு விடச் செய்யும் இரும்புக் கூடு ஒன்றே ஒன்றுதான் அங்கே இருந்தது. முதல் சில வாரங்களில் அத்தகைய நோயாளிகள் 31 பேரில் 27 பேர் இறந்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து மருத்துவர் அழைக்கப்பட்டார். ஆகஸ்டு 27ஆம் நாள், மூச்சுத் திணறிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழலைப் பொருத்தி, உயிர்வளி நிரம்பிய பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தச் செய்தார் அவர். சிறுமி பிழைத்தாள். ஆனால், இரவு பகல் பாராமல் பையை அழுத்த ஆள் வேண்டுமே! மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாக ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்தார்கள். சில நாட்களில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை அவர்களின் கைகளால் மூச்சு விட்டார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. இன்றைய தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் இங்கிருந்துதான் தொடங்கின என்பர். அம்மாணவர்களில் பெரும்பாலோர் நம் படிவம் ஆறு மாணவர்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில் ஹென்னிங் ரூபன் என்னும் மருத்துவரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்னும் பொறியியலாளரும் சேர்ந்து, அழுத்தி விட்டால் தானே விரிந்து காற்றை நிரப்பிக்கொள்ளும் பையை உருவாக்கினார்கள். ரூபன் தம் முதல் மாதிரிக்கு மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளைப் பயன்படுத்தினாராம். இன்று ஆம்புலன்ஸ் ஒவ்வொன்றிலும் இருப்பது இந்த ஊதுபைதான். பார்க்க எளிதாகத் தோன்றும் இக்கருவியைச் சரியாகக் கையாளப் பயிற்சி வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முகமூடியை வளைத்துப் பிடிக்க, எஞ்சிய மூன்று விரல்கள் தாடையெலும்பைப் பற்றி மேலே தூக்க வேண்டும். புதியவர்கள் முகமூடியை முகத்தின் மேல் அமுக்குவார்கள். அப்போது தாடை கீழே போய் வழி மீண்டும் அடைபடும். முகத்தை முகமூடிக்குத் தூக்கிக் கொடுப்பதே திறமை. ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள மற்றொருவர் பையை அழுத்துவது இன்னும் நன்று. 6 விநாடிக்கு ஒருமுறை, மார்பு மெல்ல உயரும் அளவுக்கு அழுத்தினால் போதும். பதற்றத்தில் வேகமாகவும் பலமாகவும் அழுத்தினால் காற்று இரைப்பைக்குள் போய் வாந்தியை வரவழைக்கும்.

நோயாளி மருத்துவமனையின் அவசரப் பிரிவை அடைந்ததும், நிலைமையைப் பொறுத்து எந்த மண்டலத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்யப்படுகிறது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்கள் உள்ளன. மூச்சு போதாதவர் சிவப்பு மண்டலத்திற்குப் போகிறார். அங்கு மருத்துவர், உதவி மருத்துவ அதிகாரி, தாதி எனப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். ஒருவர் தொண்டையில் தேங்கியதை உறிஞ்சு குழாயால் அகற்றுவார். இன்னொருவர் நாக்கு பின்னே சரியாமல் தடுக்கும் வளைந்த நெகிழிக் குழலை வாயில் பொருத்துவார். விரலில் மாட்டிய சிறு கருவி இரத்தத்தில் உயிர்வளி எத்தனை விழுக்காடு என்று காட்டும். ஊதுபை அழுத்தப்பட்டுக்கொண்டே இருக்கும்.

பார்ப்பவர்களுக்கு வியப்பூட்டுவது அதற்கு அடுத்த படி. நாக்கை ஒதுக்கும் விளக்குப் பொருத்திய கருவியால் குரல் நாண்களைக் கண்டு, அவற்றுக்கிடையே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழலைச் செலுத்துவார்கள். தொலைக்காட்சி நாடகங்களில் இதையே வீரச் செயலாகக் காட்டுவார்கள். மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுவதோ பொறுமை. குழலைச் செலுத்தும் முன் சில நிமிடங்கள் உயிர்வளியை நிறையக் கொடுத்து நுரையீரலை நிரப்ப வேண்டும். முயலும்போது உயிர்வளி அளவு இறங்கினால், முயற்சியை நிறுத்திவிட்டு மீண்டும் ஊதுபைக்குத் திரும்ப வேண்டும். நோயாளிக்குத் தேவை காற்று. அது குழல் வழியாகப் போனாலும் முகமூடி வழியாகப் போனாலும் மூளைக்கு ஒன்றுதான். குழல் தவறி உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் காற்றெல்லாம் வயிற்றுக்குப் போகும். அதனால்தான் வெளிவரும் காற்றில் கரியமில வாயு இருக்கிறதா என்று ஒரு கருவி அளந்துகொண்டே இருக்கிறது. வயிற்றிலிருந்து கரியமில வாயு தொடர்ந்து வராது. குழலும் போகாமல், முகமூடியும் பயன்படாமல் போகும் அரிய வேளைகளில், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே தோலைக் கீறி நேரே வழி திறப்பார்கள்.

மூச்சைக் காப்பவர் தம் மூச்சையும் காத்துக்கொள்ள வேண்டும். இதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் ஜோர்ஜ்டவுனில் பிறந்தவர். 1879ஆம் ஆண்டு பிறந்து பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்ற டாக்டர் வூ லியென் தே, 1910ஆம் ஆண்டு இறுதியில் சீனாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவிய கொள்ளைநோய் மூச்சின் வழியே தொற்றுகிறது என்று அவர் கூறினார். பஞ்சும் சல்லடைத் துணியும் கொண்டு தைத்த முகக்கவசத்தை மருத்துவர்களும் தாதியரும் அணிய வேண்டும் என்றார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த அவர் சில நாட்களிலேயே அந்நோயால் மாண்டார். இன்று முன்பின் அறியாதவருக்கு உதவும்போது வாயோடு வாய் வைக்கத் தயங்குபவர், மார்பை மட்டும் அழுத்தலாம் என்று வழிகாட்டிகள் கூறுகின்றன. ஒருவழித் தடுப்பிதழ் கொண்ட சிறு முகமூடி முதலுதவிப் பெட்டியில் இருந்தால் அத்தயக்கம் நீங்கும்.

ஒருவர் மயங்கி விழுந்தால் இவ்வளவு கவனிக்கலாம். பலர் ஒரே நேரத்தில் விழுந்தால்? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையையும், மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளையும் மக்கள் வெள்ளம் நிறைக்கும். வெயிலும் விரதமும் களைப்பும் சேர்ந்து சிலரை மயங்கச் செய்யும். அங்கே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் நிற்பது இதற்காகத்தான். மயங்கியவரைச் சுற்றிக் கூடாமல் விலகி நிற்பதே பிறர் செய்யக்கூடிய பேருதவி. நெரிசலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வாயும் தொண்டையும் திறந்திருந்தாலும், மார்பு நான்கு பக்கமும் அழுந்தி விரிய முடியாமல் போனால் காற்று உள்ளே நுழையாது.

பினாங்கு மக்கள் மறக்க இயலாத நாள் 1988ஆம் ஆண்டு ஜூலை 31. பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறையில், தீவுக்குச் செல்லக் காத்திருந்த பெருங்கூட்டத்தின் சுமையைத் தாங்காமல் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அத்தகைய பேரிடர்களில் யாரை முதலில் கவனிப்பது என்பதற்கு இன்று மீட்புப் பணியாளர்களுக்கு ஓர் ஒழுங்குமுறை கற்பிக்கப்படுகிறது. நடக்கக்கூடியவர்களை ஓரிடத்துக்குப் போகச் சொல்வார்கள். பிறகு விழுந்து கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஒருவருக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். கட்டுப் போடவும் எலும்பைச் சேர்க்கவும் அப்போது நேரமில்லை. இரத்தம் பீறிட்டால் அதை நிறுத்துவார்கள். மூச்சு இல்லாதவரைக் கண்டால் தலையைச் சாய்த்து மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டு, உற்றுக் கவனிப்பார்கள். மூச்சு திரும்பினால் அவர் கையில் சிவப்பு அட்டை கட்டப்படும். தூக்கிச் செல்பவர்கள் முதலில் வருவது அவரிடம்தான்.